மூன்று விமான நிலையங்களுக்கு நடுவே ஒரு மலை

ஊருக்குப் போவது என்று முடிவானதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, பயணச்சீட்டு என்ன விலை என்பது. அடுத்த கேள்வி, எங்கே போய் இறங்குவது என்பது. திருச்சிக்காரருக்கும் சென்னைக்காரருக்கும் இந்த இரண்டாவது கேள்வி ஒரு கேள்வியே அல்ல. ஆனால் கேரள எல்லையோரத்தில் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடி என்றோ, மூணாறு, மறையூர், தேவிகுளம், பூப்பாறை, குமுளி, வண்டிப்பெரியாறு என்றோ சொந்த ஊரைச் சொல்லும் தமிழன்பர்களுக்கு அது பெரிய கேள்வி. கொச்சியா, கோயம்புத்தூரா, மதுரையா? வரைபடத்தில் பார்த்தால் மூன்றும் பக்கத்தில்தான் இருக்கின்றன. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எது பக்கம், எது தூரம் என்று தெரிகிறது.

திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ போகிறவர்கள் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. ஆனால் நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்து, "அப்பாவுக்கு முடியவில்லை, உடனே புறப்பட்டு வா" என்று சொல் வந்தால் அந்த இரண்டு மணி நேரம்தான் எல்லாம். முகம் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஓய்வாக இருக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நம் முன்னோர் தூரத்தைச் சொல்ல இரண்டு வழி வைத்திருந்தார்கள். காதம் என்பது நில அளவு. 'நாழிகை வழி' என்பது நேர அளவு. ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், ஒருவர் நடந்து போகக்கூடிய தூரம் அது. மேடு பள்ளம் நிறைந்த நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இரண்டாவது அளவே பயன்பட்டது. விமான யுகத்தில் வாழும் நாம் முதல் அளவையே பார்த்துச் சீட்டு வாங்குகிறோம்.

முக்கோணம்

மூன்று விமான நிலையங்களையும் நேர்கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் பக்கங்களின் வான்வழித் தூரம் இது:

கொச்சி (நெடும்பாசேரி) – கோயம்புத்தூர்: சுமார் 121 கி.மீ.
கோயம்புத்தூர் – மதுரை: சுமார் 175 கி.மீ.
கொச்சி – மதுரை: சுமார் 190 கி.மீ.

மூணாறு இந்த முக்கோணத்துக்குள் அடங்கும். கொச்சியிலிருந்து மதுரைக்கு இழுக்கும் கோடு மூணாறுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, தேவிகுளத்தை ஒட்டிப் போகிறது. பாலக்காடு நகரம் முக்கோணத்தின் மேற்கு விளிம்புக்குச் சற்று வெளியே இருக்கிறது. குமுளி அதன் தெற்கு விளிம்புக்கு வெளியே இருக்கிறது. மூன்று பெரிய விமான நிலையங்கள் இவ்வளவு நெருக்கமாகச் சுற்றி நிற்கும் மலைநாட்டுக்குப் போக்குவரத்துக் குறையே இருக்கக் கூடாது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் முக்கோணத்தின் நடுவில் ஆனைமலைத் தொடரும் ஏலமலைத் தொடரும் உட்கார்ந்திருக்கின்றன. தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்துடன், இங்கேதான் நிற்கிறது.

இம்மலை தூரத்தை என்ன செய்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வால்பாறையும் மூணாறும் தேயிலைத் தோட்ட ஊர்கள். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் 30 கி.மீ. கூட இல்லை. ஆனால் வால்பாறைக்காரர் மூணாறுக்குப் போக வேண்டுமானால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி ஆழியாறு வந்து, உடுமலைப்பேட்டை போய், மறுபடி சின்னாறு, மறையூர் வழியாக மலையேற வேண்டும். 160 கி.மீ.க்கு மேல் ஆகிவிடும். பக்கத்து மலைக்குப் போக முழு நாள் கழிந்துவிடும்.

வான்தூரம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரம் என்று பட்டியல்களில் காணப்படுவது, ஒவ்வொரு நிலையத்துக்கும் குறிக்கப்பட்ட ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு, உருண்டையான பூமியின் மேற்பரப்பில் மிகக் குறுகிய வழியைக் கணக்கிட்டுப் பெற்ற எண். இவ்வழியைப் பெருவட்டப் பாதை என்பார்கள். விமானிகள் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. கொச்சி – கோயம்புத்தூர் 65 கடல் மைல் அளவு.

விமானம் இந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. எழும்பும் திசையும் இறங்கும் திசையும் காற்றைப் பொறுத்தவை; நடுவில் குறிக்கப்பட்ட வான்பாதைகளைப் பின்பற்ற வேண்டும். கால அட்டவணையில் போட்டிருக்கும் நேரமோ விமானம் வாசலை விட்டு அசைந்தது முதல் மறு நிலையத்தில் சக்கரம் நிற்பது வரை உள்ள மொத்த நேரம். தரையில் ஊர்ந்து செல்லும் நேரம், ஓடுதளத்துக்குக் காத்திருக்கும் நேரம் எல்லாம் அதில் சேரும். ஆகையால்தான் 200 கி.மீ. பறக்கிற விமானத்துக்கும் அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள்.

மிகக் குறைந்த தூரத்துக்கு விமானம் ஏன் ஒத்துவராது என்பதற்கும் விடை இங்கே இருக்கிறது. ஜெட் விமானம் கீழிறங்க, ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் வழக்கமாகப் போடும் மனக்கணக்கு. 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல், அதாவது 167 கி.மீ. வேண்டும். கொச்சிக்கும் கோவைக்கும் இடையே இருப்பதோ 121 கி.மீ. அந்த உயரத்துக்கு ஏறுவதற்கு மட்டுமல்ல, அங்கிருந்து இறங்குவதற்குக்கூட இடம் போதாது. தாழப் பறந்தால் எரிபொருள் அதிகம் குடிக்கும். சிறிய சுழல்விசிறி விமானங்கள் இதற்குச் சற்றுப் பொருந்தும். என்றாலும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கும் நேரத்தையும், பெட்டிக்குக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ரயிலே மேல் என்று ஆகிவிடுகிறது.

நம்மைப் போன்றோருக்கு வேறொரு கணக்கு முக்கியம். துபாயிலிருந்து கொச்சிக்கு வான்தூரம் சுமார் 2,780 கி.மீ.; மதுரைக்கு சுமார் 2,950 கி.மீ. வேறுபாடு 170 கி.மீ. மட்டுமே. ஜெட் விமானத்துக்கு அது கால் மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் மதுரைக்கு சுமார் 3,010 கி.மீ., கொச்சிக்கு சுமார் 3,200 கி.மீ. அங்கும் வேறுபாடு கால் மணி நேரம்தான். ஆகாயத்தில் எந்த நிலையத்தைத் தேர்ந்தாலும் கிடைப்பதும் இழப்பதும் ஒரு காப்பி குடிக்கும் நேரம். தரையில்தான் மணிக்கணக்கு.

பாலக்காட்டார் கணக்கு

முதலில் எளிய கணக்கைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை பெரிய அளவில் விலகி வழிவிட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். 30 முதல் 40 கி.மீ. அகலமுள்ள இந்த இடைவெளி வழியாகத்தான் காற்றும் வணிகரும் படையும் இருபுறமும் போய்வந்தார்கள். 1860களின் தொடக்கத்திலேயே சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு ரயில் இவ்வழியே வந்துவிட்டது. மலையேற்றம் இல்லாததால் இங்கே வான்தூரமும் சாலைத்தூரமும் அதிகம் மாறுபடுவதில்லை. பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் நேர்கோட்டில் 51 கி.மீ. அளவு, சாலையில் வாளையாறு வழியாக 60 கி.மீ. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

கொச்சி விமான நிலையம் பாலக்காட்டிலிருந்து நேர்கோட்டில் 75 கி.மீ. அளவு, சாலையில் 115 கி.மீ.க்கு மேல். இந்தச் சாலையில் பல ஆண்டுகள் குதிரான் மேடு பயணிகளின் பொறுமையைச் சோதித்தது. ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், விமானம் தவறிவிடும். 2021 ஜூலை இறுதியில் அங்கே சுரங்கப்பாதையின் ஒரு குழாயும், 2022இல் மற்றதும் திறக்கப்பட்டன. கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம் அது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தூரம் பெரிதாகக் குறையவில்லை. நேரம் குறைந்தது; அதைவிட முக்கியமாக, நேரத்தை நம்ப முடிந்தது. போகும் வழி நம்பத்தக்கதா என்பதும் பயணக் கணக்கில் ஓர் அங்கம் என்பதைக் குதிரான் காட்டுகிறது.

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பகுதியினருக்குக் கோவைதான் வாசல். அட்டப்பாடியில் அகளி, ஆனைகட்டிப் பக்கத்தவர்களுக்கும் அப்படியே. அவர்களுடைய மாவட்டத் தலைநகரான பாலக்காட்டுக்குப் போக மண்ணார்க்காட்டு மலைப்பாதை இறங்க வேண்டும். கோவைக்கோ ஆனைகட்டி வழியாக நேரே போய்விடலாம்.

இம்மாவட்டத்தில் பரம்பிக்குளம் ஒரு தனிக் கதை. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த முதலமடை ஊராட்சியில் அது இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக முடியும். தம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்க மாநில எல்லையை இரண்டு முறை கடக்கிற மக்கள் அங்கே இருக்கிறார்கள். வனத்துக்குள் தமக்கு நேர்வழி வேண்டும் என்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

மூணாற்றார் கணக்கு

இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது; பயணிகள் விமான நிலையமும் கிடையாது. மூணாறிலிருந்து மூன்று நிலையங்களுக்கும் தூரம் இப்படி வருகிறது. கொச்சி: நேர்கோட்டில் 73 கி.மீ., சாலையில் சுமார் 110 கி.மீ., மூன்றரை முதல் நான்கு மணி நேரம். கோவை: நேர்கோட்டில் 104 கி.மீ., சாலையில் சுமார் 160 கி.மீ., நாலரை முதல் ஐந்து மணி நேரம். மதுரை: நேர்கோட்டில் 117 கி.மீ., சாலையில் சுமார் 165 கி.மீ., நாலரை மணி நேரம்.

ஆக, மூணாறு நகரத்தாருக்குக் கொச்சியே பக்கம். ஆனால் மூணாறு என்று சொல்லும் எல்லாரும் மூணாறு நகரத்தார் அல்லர். மறையூர், காந்தளூர் அன்பர்கள் மலையின் வடசரிவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடுமலைப்பேட்டை இறங்குவது எளிது, அங்கிருந்து கோவை சமவெளி. பூப்பாறை, சாந்தம்பாறை, போடிமெட்டுப் பக்கத்தவர்கள் கிழக்கு விளிம்பில் இருக்கிறார்கள். பதினேழு வளைவுகள் இறங்கினால் போடி, பிறகு தேனி, மதுரை என்று நேரான சாலை. அவர்கள் கொச்சியில் இறங்கினால் மலை முழுவதையும் குறுக்கே கடந்துதான் வீடு சேர வேண்டும்.

மூன்று வழிக்கும் மூன்று விதமான இடையூறு உண்டு. கொச்சி வழியில் அடிமாலிக்கும் நேரியமங்கலத்துக்கும் இடையே காட்டுப் பகுதி குறுகலானது. மழைக்காலத்தில் மரம் விழும், மண் சரியும். உடுமலை வழி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் போகிறது. சோதனைச் சாவடிகளும் இரவுக் கட்டுப்பாடும் உண்டு. யானை நடுச்சாலையில் நின்றால் அது நகரும் வரை நாமும் நிற்க வேண்டியதுதான். போடி வழியில் தேவிகுளத்தை அடுத்த 'கேப் ரோடு', அகலப்படுத்தும் வேலை நடந்த ஆண்டுகளில் பலமுறை சரிந்து போக்குவரத்து அற்றுப்போயிற்று. மூணாறு – போடிமெட்டுச் சாலை புதுப்பிக்கப்பட்டு 2024 ஜனவரியில் முறையாகத் திறக்கப்பட்டது. அதன்பின் கிழக்கு வழி பெரிதும் சீர்பட்டது.

குமுளியார் கணக்கு

இக்கணக்கிலேயே வியப்பானது குமுளிதான். குமுளியிலிருந்து கொச்சி விமான நிலையத்துக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய ஒன்றே: ஒவ்வொன்றும் 105 கி.மீ. அளவு. தராசு முள் நடுவில் நிற்பது போல நிற்கிறது அந்த ஊர். சாலைத்தூரமும் பெரிதாக மாறவில்லை. மதுரைக்குச் சுமார் 140 கி.மீ., கொச்சிக்கு 150 கி.மீ. அளவு.

நேரத்தைப் பாருங்கள். குமுளியில் மலை கிழக்கே செங்குத்தாக இறங்கிவிடுகிறது. சிறிது தூரத்தில் லோயர் கேம்ப். அப்பால் கூடலூர், கம்பம், சின்னமனூர், தேனி, உசிலம்பட்டி என்று பள்ளத்தாக்கும் சமவெளியும். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். மேற்கே போனால் பீருமேடு, குட்டிக்கானம் என்று மலைமுதுகிலேயே நெடுந்தூரம் வளைந்து வளைந்து போய், இறங்கிய பிறகும் ஊர்களுக்கு நடுவே நெரிசலில் ஊர்ந்து போக வேண்டும். நாலரை மணிக்குக் குறையாது. துபாயிலிருந்து வருகிறவர் கொச்சியில் இறங்கினால் விமானம் நான்கு மணி, நிலையத்தில் ஒரு மணி, சாலை நாலரை மணி, மொத்தம் ஒன்பதரை. மதுரையில் நேரே இறங்க முடிந்தால் எட்டரை. விமானத்தில் கால் மணி நேரம் கூடக் கொடுத்து, மொத்தத்தில் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்துகிறார்.

ஆனால் நேர் விமானம் கிடைக்க வேண்டுமே! கொச்சியின் ஓடுதளம் 3,400 மீட்டர்; பெரிய விமானங்கள் நெடுந்தூரம் போக எரிபொருள் நிரப்பிக்கொண்டு எழும்ப முடியும். கோவையின் ஓடுதளம் 3,000 மீட்டர் அளவு. மதுரையினுடையது 2,300 மீட்டர் அளவு. மதுரைக்கு 2012 செப்டம்பரில்தான் முதல் வெளிநாட்டு விமானச் சேவை, கொழும்புக்கு, தொடங்கியது. பிறகு துபாயும் சிங்கப்பூரும் சேர்ந்தன. கோவையிலிருந்தும் சிங்கப்பூர், ஷார்ஜா போன்ற சில ஊர்களுக்கே நேர் சேவை இருந்துவந்திருக்கிறது. கொச்சியோடு ஒப்பிட்டால் இரண்டும் சிறியவை. சென்னையிலோ மும்பையிலோ ஆறு மணி நேரம் காத்திருந்து மதுரைக்கு மாறுவதைவிட, கொச்சியில் நேரே இறங்கி மலையேறுவது முந்தும். ஆகவே இணைப்பு விமானத்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே கூட்ட வேண்டும்.

கொச்சி இவ்வளவு வளர்ந்ததற்கு ஒரு காரணம் நம்மைப் போன்றோரே. 1999 மே மாதம் திறக்கப்பட்ட நெடும்பாசேரி நிலையம், அரசோடு வெளிநாடு வாழ் கேரளத்தார் ஆயிரக்கணக்கானோர் பங்குபோட்டுக் கட்டியது. அதற்கு முன் பயணிகள் விமானங்கள் வில்லிங்டன் தீவிலிருந்த கடற்படைத் தளத்தில்தான் இறங்கின.

கிழக்கே திறந்திருந்த வாசல்

இம்மலைக்குக் கிழக்கு வாசல் புதிதல்ல. நூறாண்டுகளுக்கு முன் மூணாறுத் தேயிலை வெளியே போன வழியே அதுதான். 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அது சிறு ரயில் பாதையாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கீழே கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து கப்பல். தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தமிழர் குடும்பங்களும் இந்தக் கிழக்குச் சரிவு வழியாகத்தான் ஏறி வந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்தச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி அது கட்டப்படவில்லை.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. அதன்பின் அலுவலகமும் நீதிமன்றமும் மேற்கே என்றாயின. உறவும் சந்தையும் கிழக்கே இருந்தன. மதுரை – போடி ரயிலைக் கிழக்கு வாசலின் நடைபாதை எனலாம். 90 கி.மீ. நீளமுள்ள அந்தக் குறும்பாதை, அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்டது. தேனி வரை 2022 மே மாதமும், போடி வரை 2023 ஜூன் மாதமும் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! இப்போது சென்னையில் இறங்குகிறவர் போடிக்கே ரயிலில் வந்துவிடலாம். முதியோரை அழைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

வழி அடைபடும்போது

2018 ஆகஸ்டு 15ஆம் நாள் கொச்சி விமான நிலையம் மூடப்பட்டது. இடுக்கி மலைகளில் பெய்த பெருமழை பெரியாற்றில் பெருகி வந்து, ஆற்றோரச் சமவெளியிலிருந்த ஓடுதளத்தை மூழ்கடித்தது. ஆகஸ்டு 29 பிற்பகல்தான் மறுபடி திறந்தார்கள். நடுவில் 20ஆம் நாள் முதல் பழைய கடற்படைத் தளத்தில் சிறிய விமானங்கள் பெங்களூரிலிருந்து வந்து இறங்கின. அதே நாட்களில் மூணாறைச் சுற்றிய சாலைகளும் உடைந்து கிடந்தன. 2019 ஆகஸ்டு 8 இரவு முதல் 11 வரை நிலையம் இரண்டாம் முறை மூடப்பட்டது. மலையில் பெய்யும் மழை ஒன்றே; அது மேலே சாலையையும் கீழே விமான நிலையத்தையும் ஒரே வாரத்தில் அடைக்கும் என்பது அன்று தெரிந்தது. ஆகஸ்டில் ஊருக்குப் போகிறவர்கள் மாற்று வழி ஒன்றை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2020 ஆகஸ்டு 6 இரவு நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. எழுபது பேர் மாண்டனர். எல்லாரும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தவர். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் பலர். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வரவே மறுநாள் காலையாகிவிட்டது. பெரியவரைப் பாலம் சேதமடைந்திருந்ததால் மீட்பு வண்டிகள் தடைபட்டன. கொரோனாக் காலமாதலால் எல்லையைக் கடந்து வர உறவினர் பட்ட பாடு வேறு. கொச்சி விமான நிலையத்துக்கு அங்கிருந்து நேர்கோட்டில் எண்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அந்த இரவில் அந்த மக்களுக்கு அது எட்டாத உலகம். ஒரு பாலமும் ஒரு தொலைபேசிக் கோபுரமும் நின்றிருந்தால் உதவி இன்னும் முன்னதாக வந்திருக்கும்.

மலைமேல் ஓடுதளம்

மலையிலேயே விமானம் இறங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முயற்சி நடக்கத்தான் செய்தது. வண்டிப்பெரியாறை அடுத்த சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்காக 650 மீட்டர் ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு மழையில் அதன் ஓரம் ஒரு பகுதி சரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் இருவர் அமரும் சிறு விமானம் ஒன்று அங்கே முதன்முதலாக இறங்கியது. 2024 நவம்பர் 11ஆம் நாள் கொச்சி போல்காட்டியிலிருந்து நீரில் இறங்கும் விமானம் ஒன்று மாட்டுப்பட்டி அணைக்குச் சோதனையாகப் பறந்து வந்தது. வானத்தைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் உண்டு. அணைக்கு நீர் குடிக்க வரும் யானைகளை நினைத்து வனத்துறை எழுப்பிய கேள்வியும் உண்டு.

இவை நல்ல முயற்சிகள்தாம். ஆனால் 650 மீட்டரில் பயணிகள் விமானம் இறங்காது. பெரிய ஓடுதளத்துக்கு மலையுச்சியை வெட்டிச் சமப்படுத்த வேண்டும். மேசை போன்ற ஓடுதளத்தில் மழை நாளில் இறங்குவதன் அபாயத்தை, பெட்டிமுடி சரிந்த மறுநாள் மாலையே, 21 உயிரைப் பறித்த கோழிக்கோடு விமான விபத்து காட்டியது. தோட்டத்துத் தொழிலாளிக்குத் தேவை மலைமேல் விமானம் அல்ல. மழையிலும் திறந்திருக்கும் சாலை, இடிந்தால் ஒரு நாளில் சீராகும் பாலம், நள்ளிரவில் தேனி மருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுபோகும் வண்டி, இவையே. அவை இருந்தால் மூன்று விமான நிலையங்களும் தாமாகவே பக்கத்தில் வந்துவிடும்.

அன்பர்களுக்குச் சில யோசனைகள்

முதலாவது, வீடு மலையின் எந்தச் சரிவில் இருக்கிறது என்று பாருங்கள். வடக்கே இறங்கும் ஊருக்குக் கோவை, கிழக்கே இறங்கும் ஊருக்கு மதுரை, மேற்கே இறங்கும் ஊருக்குக் கொச்சி. பாலக்காட்டுச் சமவெளிக்குக் கோவை.

இரண்டாவது, விமான நேரத்தை மட்டும் பார்க்காமல், வாசலிலிருந்து வாசல் வரை உள்ள மொத்த நேரத்தைக் கூட்டுங்கள். இணைப்புக்குக் காத்திருப்பு, குடிவரவுச் சோதனை, மலைச்சாலை எல்லாம் அதில் அடங்கட்டும்.

மூன்றாவது, இறங்கும் மணியைப் பாருங்கள். வளைகுடாவில் இரவு 10 மணிக்குப் புறப்படும் விமானம் நான்கு மணி நேரம் பறந்து, நேர வேறுபாட்டையும் சேர்த்து, அதிகாலை மூன்றரை மணிக்கு இறக்கிவிடும். உறக்கம் கெட்ட ஓட்டுநரை வைத்துக்கொண்டு இருட்டில் மலையேற வேண்டாம். அடிவாரத்தில் விடியும் வரை இருந்து, தேநீர் குடித்துவிட்டு ஏறுங்கள். மறையூர் போகிறவர்கள் காட்டுச் சாவடியின் நேரத்தை முன்னதாகவே ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஜூன் முதல் நவம்பர் வரை பயணம் என்றால் மாற்று வழி ஒன்றைத் தீர்மானித்து வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் ஊருக்குப் பேசி, "எந்த ரோடு திறந்திருக்கிறது?" என்று கேளுங்கள். எந்த அட்டவணையும் சொல்லாத விடையை மலைமேல் ஜீப் ஓட்டுகிற ஒருவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். அவசரத்தில் புறப்படும் நாளில் எங்கே இறங்குவது என்று யோசிக்க வேண்டியிராது. நேரே போய்ச் சேரலாம்.